மூன்றாவது கூடை

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு பக்கம் மேகத்தைப் பற்றி எழுதிவிட்டு, உறையை ஒட்டும் நேரத்தில் ஞாபகம் வந்ததுபோல், "காற்றுக்கு அசையாத டிஸ்க் ஒன்று வாங்கி அனுப்பு, மூன்றாவது கூடைக்கு வேண்டும்" என்று ஒரு வரி. அப்படி ஒரு டிஸ்க் உலகத்தில் கிடையாது. காற்றடித்தால் அம்மியே பறக்கும் என்பார்கள். இது நூற்றெழுபது கிராம் பிளாஸ்டிக் தட்டு.

நீ கேட்க நினைத்ததை நானே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம்; அதில் தூரமாக எறிய ஒரு ரகம், கூடைக்குப் பக்கத்தில் நின்று சங்கிலியில் போட ஒரு ரகம், நடுவே கூடைக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ரகம். இந்த நடு ரகத்துக்குப் பெயர் அப்ரோச் டிஸ்க். வலது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிகிறாய் என்று வைத்துக்கொள். வேகமாகப் போகும்போது, அதிலும் எதிர்காற்றில், டிஸ்க் வலப்பக்கம் புரளப் பார்க்கும். வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். ஓவர்ஸ்டேபிள் என்றால் புரளாத டிஸ்க். எவ்வளவு எதிர்காற்று தள்ளினாலும் 'இடப்பக்கம்தான் விழுவேன்' என்று அடம் பிடிக்கும். அந்த அடத்தை நம்பி எறியலாம். உனக்கு வேண்டியது ஓவர்ஸ்டேபிள் அப்ரோச் டிஸ்க்.

அதிலும் பத்துப் பதினைந்து வகை உண்டு. ஆகவே பதில் சொல்: எந்தக் கையால் எறிகிறாய்? குறுக்கே இழுத்தா, பக்கவாட்டில் கல்லெறிவதுபோலா? கூடை எவ்வளவு தூரம்? காற்று எந்தப் பக்கம், என்ன வேகம்? கீழே புல்லா, பாறையா? கவிதை வேண்டாம். எண்கள் அனுப்பு.

இனி வீட்டு விஷயம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் நான் அரை நாள் விடுப்புப் போட்டு மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். அந்த அரை நாளுக்கு என் மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கடன் கொடுத்தவர் முகம் தோற்றுப்போகும்.

வெளிநாட்டில் அச்சில் பொருள்களை வார்க்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள். நான் படித்த படிப்புக்குச் சரியான வேலை. மே மாதத்துக்குள் பதில் வேண்டுமாம். உன் தலைமை அலுவலகத்திலோ கீழே ஆய்வுப் பிரிவில் இடம் காலியாகி, உன்னைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள். சம்மதம் ஏப்ரல் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நீ வந்தால் நான் போகலாம். வராவிட்டால் முடியாது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு அந்த வானிலை நிலையத்துக்கு மலையேறினாய். இது நாலாவது வருடம்.

தம்பி


பிப்ரவரி 15
காலை: அழுத்தம் 622. வெப்பம் மைனஸ் 9. மேற்குக் காற்று.

அன்புள்ள குடுக்கைக்கு,

அவசரக்குடுக்கை என்று முழுதாக எழுதினால் உறையில் இடம் போதாது, அதனால்தான் பாதியில் விட்டேன். கோபிக்காதே.

எண்கள் கேட்டாய். வலது கை, குறுக்கே இழுத்து. அறுபத்தெட்டு மீட்டர், அளவைக் கருவி வைத்தே அளந்தோம், எங்களிடம் அதற்கா பஞ்சம். காற்று எதிரே, கணவாயிலிருந்து நேராக முகத்தில் வரும். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறைந்து அது வீசி நான் பார்த்ததில்லை. கீழே என்ன என்று கேட்டாய். கீழே ஒன்றும் இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். முதல் இரண்டு கூடைகள் நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. மூன்றாவது, பள்ளத்துக்கு அந்தக் கரையில். எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. பாதி நாள் அதற்குள் மேகம் கிடக்கும். எறிந்துவிட்டுப் பள்ளத்தின் தலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் எடுத்துவர வேண்டும். இதுவரை அங்கே போய்ச் சேர்ந்த டிஸ்க் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் காற்று மேலே தூக்கி, வலப்பக்கம் புரட்டி, உள்ளே போட்டுக்கொண்டது. அடியில் ஒரு கடையே திறக்கலாம்.

கூடை எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பனிக்காலத்தில் வண்டிச் சக்கரத்தில் கட்டும் சங்கிலி அறுந்துபோனால் மெக்கானிக் அதைத் தூக்கிப் போட மாட்டார். பழைய சக்கர வளையத்தில் அதைத் தொங்கவிட்டு அவர் செய்த கூடைகள் இவை. நாலு பேர் விளையாடுகிறோம்: நான், மெக்கானிக், வயர்லெஸ்காரர், சமையல்காரர். சமையல்காரர் எறிவது டிஸ்க் அல்ல, பாத்திர மூடி. அது தனி ஆட்டம்.

சில காலைகளில் மேகம் எங்களுக்குக் கீழே இறங்கிவிடும். வேறு மலைகளின் உச்சிகள் மட்டும் மேலே நிற்கும். அதற்கு நடுவே அந்தச் சங்கிலிக் கூடை. பார்த்தால் யாரோ நமக்காக வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். சரி, கவிதை வேண்டாம் என்றாய்.

கீழே வருவதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் இன்னும் என்னிடம் வரவில்லை. அம்மாவை வென்னீரில் துணி நனைத்து முழங்காலில் போட்டுக்கொள்ளச் சொல். வயர்லெஸ்ஸில் வீட்டு விஷயம் பேசக் கூடாது என்று விதி. இல்லாவிட்டால் தினமும் நானே அவளைத் தொந்தரவு செய்வேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

டிஸ்க் வாங்கிவிட்டேன். உங்கள் நிலையத்துக்குத் தபால் கொண்டுவரும் வண்டியிலேயே இதுவும் வருகிறது.

கடற்கரைப் பூங்காவில் நாங்கள் விளையாடும் மைதானத்தின் வாசலிலேயே கடை. கடைக்காரரும் ஆடுகிறவர்தான். "யாருக்கு?" என்றார். அக்காவுக்கு என்றேன். உடனே இளஞ்சிவப்பில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"கலர் கேக்கலைங்க. முப்பது கிலோமீட்டர் எதிர்காத்து, அறுபத்தெட்டு மீட்டர், தப்பினா டிஸ்க் கிடைக்காது."

அவர் அந்த இளஞ்சிவப்பை மெதுவாகத் திரும்ப வைத்தார். "உங்க அக்கா எங்கதான் ஆடறாங்க?"

"ஆகாசத்துல."

அதன்பிறகு ஒழுங்காகப் பேசினோம். நாலு டிஸ்க் தேர்ந்து மணலுக்கு எடுத்துப் போய், என்னோடு வேலை பார்க்கும் குண்டனைத் தூரத்தில் நிறுத்தி, கடல்காற்றுக்கு எதிரே மாற்றி மாற்றி எறிந்தேன். முதலாவது புரண்டு கடலுக்குப் போனது. குண்டன் நீந்தி எடுத்துவந்து என் பரம்பரையையே திட்டினான். இரண்டாவது நேராகப் போனது, ஆனால் காற்று வலுத்தபோது லேசாகத் தடுமாறியது. மூன்றாவதன் விளிம்பு உன் கைக்குத் தடிமன். நாலாவதுதான் இது. விளிம்பின் அடியில் மணி கோத்ததுபோல் ஒரு வரம்பு ஓடும், தடவிப் பார். முதுகு தட்டை. எவ்வளவு வேகமாக எறிந்தாலும் வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் அறைந்ததுபோல் இறங்கியது. கடையில் இருப்பதிலேயே அடம் இதற்குத்தான் அதிகம்.

குளிரில் பிளாஸ்டிக் கெட்டிப்பட்டுக் கையிலிருந்து வழுக்கும். ஆகவே ரப்பர் கலந்த மென்மையான வகையாகப் பார்த்து வாங்கி, ஓர் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துச் சோதித்தேன். காலையில் அம்மா ஃப்ரீசரைத் திறந்து, "இது எந்தச் சட்டிக்கு மூடிடா?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "அவளுக்கு மூடி எதுக்கு, சட்டி அனுப்பு, ஒழுங்கா சமைச்சுச் சாப்பிடட்டும்" என்றாள். பிறகு அதை எடுத்துத் துடைத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

எறியும் முறை: கூடைக்கு வலப்பக்கம் குறி வை. மீதியை அது பார்த்துக்கொள்ளும். கணக்குப் போட்டிருக்கிறேன். தப்பாது.

சம்மதக் கடிதத்தைப் பற்றி இந்தத் தடவையாவது எழுது. 'பதில் என்னிடம் வரவில்லை' என்பது பதில் அல்ல. பதில் என்ன, வண்டியிலா வரும்?

தம்பி


மார்ச் 10
காலை: அழுத்தம் 619. வெப்பம் மைனஸ் 12. மேற்குக் காற்று, பிற்பகலில் வலுக்கும்.

அன்புள்ள குடுக்கைக்கு,

டிஸ்க் வந்தது. நிலையத்தில் நாலு பேரும் அதை ஆளுக்கொரு முறை தடவிப் பார்த்தோம். சமையல்காரர் முகர்ந்தும் பார்த்தார். மெக்கானிக் அதற்கு 'பிடிவாதக்காரன்' என்று பெயர் வைத்தார். மறுநாள் காலை, அறிக்கை அனுப்பி முடித்ததும், மூன்றாவது கூடைக்குப் போனோம்.

நீ சொன்னபடியே கூடைக்கு வலப்பக்கம் குறி வைத்தேன். கையை விட்டுப் போனது பார், அப்படி ஒரு டிஸ்க் என் கையிலிருந்து போனதே இல்லை. காற்று மோதியது. அது கண்டுகொள்ளவே இல்லை. பாதிப் பள்ளம் வரை போயிருக்கும். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்ததுபோல், சட்டென்று இடப்பக்கம் திரும்பி, செங்குத்தாக இறங்கி, மேகத்துக்குள் போய்விட்டது.

சமையல்காரர், "நல்ல சாமான். போக வேண்டிய எடம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நான் எறிந்ததில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும். நீ மணலில் அத்தனை முறை எறிந்து பார்த்து அனுப்பியது. வருத்தப்படாதே.

சம்மதக் கடிதம். எழுது என்றாய், எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலை நினைத்தால் வருகிறேன் என்று சொல்லத் தோன்றுகிறது. உன் வேலையை நினைத்தால் இன்றைக்கே வருகிறேன் என்று சொல்லத் தோன்றுகிறது. காலையில் கதவைத் திறந்ததும் சொல்ல வரவில்லை. இதுதான் என் பதில். பதில் மாதிரி இல்லை, தெரியும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

உன் எறிதலில் குறை ஒன்றும் இல்லை. குறை என் மண்டையில்.

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, ஏன் பாதியில் விழுந்தது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேகம், சுழற்சி, கோணம் என்று தாள் தாளாகக் கிறுக்கினேன். குண்டன் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அது என்னடா தலைப்புல 619?" என்றான். அக்கா எப்பவும் எழுதற அழுத்தம் என்றேன். சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது.

இங்கே கடற்கரையில் அது ஆயிரத்துப் பத்து. நாலு வருடமாக ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அந்த எண்ணை எழுதி அனுப்புகிறாய். நானோ அதைப் பிள்ளையார் சுழி மாதிரி தாண்டிப் போய்க் கீழே படித்திருக்கிறேன். குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இங்கிருக்கும் காற்றில் பத்தில் மூன்று பங்கு உன்னிடம் இல்லை. டிஸ்க்கைத் தூக்கிப் பிடிப்பது காற்று. புரட்டுவதும் காற்று. அது குறைந்தால் எந்த டிஸ்க்கும் அங்கே கூடுதலாக அடம் பிடிக்கும், சீக்கிரம் விழும். நான் கடையிலேயே அடங்காததைப் பார்த்து அனுப்பியிருக்கிறேன். காற்று எவ்வளவு வேகம் என்று கேட்டேன். காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை. பொறியியல் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா தெரியவில்லை.

நீயும் சொல்லவில்லை. தினம் மூன்று வேளை அதைப் படிப்பவள் நீ.

சரி. மெல்லிய காற்று டிஸ்க்கை இடப்பக்கம் இழுக்கிறது, எதிர்காற்று வலப்பக்கம் புரட்டுகிறது. இரண்டும் எங்கே சமனாகும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. வந்தாலும் நான் நம்பப்போவதில்லை. ஏப்ரல் முதல் வாரத்து வண்டியில் நானே வருகிறேன். பை நிறைய டிஸ்க் கொண்டுவருகிறேன். அம்மாவுக்குத் துணையாகச் சித்தி வந்து இருக்கிறாள்.

சம்மதக் கடிதத்தையும் அச்சடித்துக் கொண்டுவருகிறேன். நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். வாங்கி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

தம்பி


மார்ச் 27
காலை: அழுத்தம் 624. வெப்பம் மைனஸ் 6. காற்று நிதானம்.

அன்புள்ள குடுக்கைக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். 'பத்தில் மூன்று பங்கு இல்லை' என்ற இடத்தில் வயர்லெஸ்காரர், "அதான் இங்க யாருக்கும் பொறுமை இல்ல" என்றார். அழுத்தமானியை மூன்று வேளையும் துடைத்து, படித்து, எழுதி, அனுப்புகிறவள் நான். டிஸ்க் பறப்பதும் அதே காற்றில்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே. குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது.

வா. இரண்டு கம்பளி எடுத்துக்கொள். முக்கியமானது ஒன்று: வண்டியை விட்டு இறங்கியதும் கிழவன் நடப்பதுபோல் நட. ஓடாதே. குதிக்காதே. பையைத் தூக்காதே. மெக்கானிக் தூக்குவார்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். தலைவலி பாதி மலையிலேயே இறங்கிக்கொண்டது. அங்கே இருந்தவரை நான் பேசியது பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். மூச்சு விடுவதற்கே நேரம் சரியாக இருந்தது. பேச வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

வண்டி நின்றதும் குதித்தேன். பையையும் தூக்கினேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும், வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றதே நீதான். மறுநாள் முழுக்கக் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். உனக்குத் தெரியாதது இனிமேல்தான்.

மத்தியானம் போல் கண் விழித்தேன். வெளியே ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

"டேய் மெக்கானிக்கு, கூடைய மறைச்சுக்கிட்டு நிக்காதடா. நீ என்ன கோல்கீப்பரா? தள்ளு. இன்னும் தள்ளு. அப்படியே போய் அந்த மலைக்குப் பின்னால நில்லு."

அந்தக் கரையிலிருந்து ஏதோ பதில் வந்தது.

"உன் வண்டியே தள்ளினாத்தான் கெளம்பும். நீ என் கையப் பத்திப் பேசறியா?"

பிறகு ஒரு சிரிப்பு. அது எதிர்ப்பாறையில் போய் மோதித் திரும்பி வந்தது. திரும்பி வந்ததைக் கேட்டு அவள் மறுபடியும் சிரித்தாள். மெக்கானிக்கின் மனைவி வந்திருக்கிறாள் போலிருக்கிறது, நல்ல வாயாடி, என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீட்டில் பாவம் என்றுகூட நினைத்தேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நீ நின்றுகொண்டிருந்தாய்.

நான் பிறந்த நாளிலிருந்து உன் குரலைக் கேட்கிறேன் அக்கா. வீட்டில் நீ கதவைத் திறந்தால் தாழ்ப்பாளுக்கே தெரியாது. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றாலும் அறைக்குள் வந்து தோளைத் தொடுவாய். அம்மா உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதே அதைத்தான்: "பெரியவ இருக்கற எடம் தெரியாது." அங்கே நீ இருக்கும் இடம் மூன்று மலைக்குத் தெரிகிறது. உனக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியதால் இல்லை.

மலையைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் வந்தேன். மலை எனக்கு அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது.

பிறகு அந்தக் காலை. நான் கொண்டுவந்த புதிய டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் எப்படிப் போயின என்று எழுத வேண்டாம், பள்ளத்துக்கு நன்கொடை. அடம் அதிகமானவை இடப்பக்கம் விழுந்தன. சாதுவானவற்றைக் காற்று வலப்பக்கம் புரட்டியது. ஒவ்வொன்றும் விழும்போது சமையல்காரர் தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தினார். மிச்சம் இருந்தது என் சொந்த டிஸ்க் மட்டும், அந்த நீலம். உனக்கு முதலில் வாங்கி அனுப்பிய அதே வகைதான். ஆனால் நாலைந்து வருடமாகப் பூங்கா மரங்களிலும் நடைபாதையிலும் அடிபட்டு விளிம்பெல்லாம் தேய்ந்து, அடமும் பாதி குறைந்துபோனது. கடற்கரையில் அதை இப்போது ஓவர்ஸ்டேபிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழக்கத்தில்தான் பையில் போட்டேன். "இது வேணாம், போனா வராது" என்றேன். நீ கேட்காமல் வாங்கிக்கொண்டாய்.

எறியாமல் நின்றாய். எறியேன், எறியேன் என்று எனக்கு உள்ளே அரித்தது. நீ அந்தக் கரையில் காற்றுப் பார்க்க நட்டிருந்த கொடித்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாய். மேகம் நம் காலுக்குக் கீழே பள்ளம் நிறைய, பால் பொங்கி அப்படியே நின்றுவிட்டதுபோல் கிடந்தது. வெயில் அதன் மேல் இன்னும் விழவில்லை. பிறகு எறிந்தாய்.

எத்தனையோ ஆயிரம் முறை டிஸ்க் எறிந்திருக்கிறேன், எறிவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் பறக்கிறது என்று சமன்பாடு எழுதத் தெரியும். அன்றைக்கு அந்த நீலம் பள்ளத்தின் நடுவுக்குப் போய், எதிர்காற்றின் மேல் ஏறி, நின்றது. பறந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலப்பக்கமும் போகவில்லை, இடப்பக்கமும் போகவில்லை. சுழல்வது தெரிந்தது. கீழே மேகத்தில் அதன் நிழல்கூட இல்லை. எல்லாம் தெரிந்தவன் நான், அடுத்து அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. அது அவசரமே இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்து, அந்தக் கரைக்கு இறங்கி, மெக்கானிக்கின் சங்கிலியில் விழுந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தது.

யாரும் கைதட்டவில்லை, கவனித்தாயா? சமையல்காரர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது காற்றுக்காக என்று நீ நினைத்திருப்பாய். அப்படியே வைத்துக்கொள்.

கிளம்பும் அன்று, நான் கேட்டபடி கையெழுத்துப் போட்டாய். பேனா உறைந்திருந்தது. உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிப் போட்டாய். "அம்மாகிட்ட சொல்லு, வந்துடறேன்னு" என்றாய். அதை நம் வீட்டுக் குரலில் சொன்னாய். வண்டி ஓட்டுபவருக்கே கேட்கவில்லை, "என்ன சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

உன் தலைமை அலுவலக வாசலில் இறங்கினேன். காவலாளி "யாரைப் பாக்கணும்?" என்றார். பதில் சொல்லாமல் நின்றேன். "யோசிச்சுட்டு வாங்க தம்பி" என்றார். யோசித்தேன். அடுத்த பேருந்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் சம்மதக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. கொடுக்கவில்லை.

இதில் என் வேலையைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வாய் என்று தெரியும். ஆகவே ஊர் வந்த அன்றே அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போய்விட்டது. இனி நீ இறங்கி வந்தாலும் அது எனக்குத் திரும்பாது. எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எழுதிப் போட்ட பிறகு குண்டனோடுகூடப் பேசவில்லை. ஆனால் அது என் கணக்கு. நீ வருவதானால் உனக்கு வர வேண்டும் என்றிருந்தால் மட்டும் வா. மாத முடிவுக்கு முன்னால் இன்னும் ஒரு வண்டி இருக்கிறது. 'கொடு' என்று ஒரு வார்த்தை எழுதினால், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், சத்தியமாக. எழுதாவிட்டால் கொடுக்க மாட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். நேற்று மாலை கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"நெசமாவே கத்தினாளா?"

"கத்தினா."

"அவளா?"

"அவதான்மா."

"எப்படி?"

எழுந்து நின்று, "டேய் மெக்கானிக்கு" என்று முடிந்தமட்டும் கத்திக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றாள்.

தம்பி


ஏப்ரல் 25
காலை: அழுத்தம் 627. வெப்பம் மைனஸ் 2. மேற்குக் காற்று, விட்டு விட்டு.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நீ விட்டுப்போன நீலத்தை அதற்கப்புறம் ஏழெட்டு முறை எறிந்துவிட்டேன். சங்கிலியில் ஒரு முறைதான் விழுந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் அது நிற்கும் இடம் தினமும் ஒன்றே அல்ல. காற்று விட்டு விட்டு வீசும் நாளில் இரண்டு இடத்தில் நிற்கிறது. வயர்லெஸ்காரர் நேற்று அதைப் பார்த்துக்கொண்டே அறிக்கை அனுப்பும் நேரத்தைத் தவறவிட்டு, கீழேயிருந்து திட்டு வாங்கினார். என்ன காரணம் என்று கேட்டார்களாம். "வானிலை" என்றாராம்.

மெக்கானிக் நாலாவது கூடைக்குச் சங்கிலி சேர்த்துவிட்டார். கணவாய்க்கு மேலே ஒரு மேடு இருக்கிறது, நீ படுத்துக் கிடந்ததால் பார்த்திருக்க மாட்டாய். பனி உருகியதும் அங்கே நடப்போகிறோம். அதற்கு என்ன டிஸ்க் வேண்டும் என்று அளந்து எழுதுகிறேன். காற்று எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து.

ஜூனில் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளை என்னிடம் விட்டுவிட்டு நீ அந்த ஒரு மாதமும் எங்கேயாவது போ. நீ கத்திக் காட்டியது சரியாக இருந்திருக்காது, உனக்கு மூச்சே போதாது. வீட்டுக்கு வந்து நானே கத்துகிறேன் என்று அம்மாவிடம் சொல். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வை.

வண்டியை முடுக்கி வைத்துக்கொண்டு ஓட்டுபவர் வாசலில் நிற்கிறார். "வேற ஏதாவது எழுதணுமா, இல்ல ஒட்டிடலாமா?" என்று கேட்கிறார்.

ஒட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா